ஆட்ட நாளில் மைதானம் யாருடையது? – மியூனிக் அலியான்ஸ் அரீனா

#1 – தென்றல்_10

வணக்கம் நண்பர்களே. 2025 மே 31 அன்று மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியை நேற்று மறுபடி பார்த்தேன். பாரிஸின் பி.எஸ்.ஜி. 5, இன்டர் மிலான் 0. ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) இறுதிப்போட்டி எதிலும் அதற்கு முன் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்ததில்லை. ஆட்டத்தைப் பற்றி இங்கே நிறையப் பேசியாகிவிட்டது, என் கேள்வி வேறு.

அன்று வந்த பார்வையாளர்கள் 64,327 பேர். அதே மைதானத்தில் பேயர்ன் மியூனிக் ஒரு சாதாரண பூண்டஸ்லிகா (ஜெர்மன் முதல் பிரிவு லீக்) ஆட்டம் ஆடினால் 75,000 பேர். 2012 இறுதிப்போட்டிக்கு 62,500. யூரோ 2024 தொடக்க ஆட்டத்தில் ஜெர்மனி ஸ்காட்லாந்தை 5-1 என்று வென்றபோது சுமார் 65,000. உலகமே டிக்கெட்டுக்கு அலையும் ஆட்டங்களுக்குத்தான் இடம் குறைகிறது. பத்தாயிரம் இடம் எங்கே போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – கார்னர்கொடி

விளம்பரப் பலகைகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் சில வரிசைகளிலிருந்து ஆட்டம் தெரியாது, அதனால் அவற்றை விற்க மாட்டார்கள்.

#3 – ஐஸார்க்கரை

கார்னர்கொடி சொன்னது ஒரு பகுதிதான். மியூனிக்கில் வசிப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

75,000 என்ற எண் உள்ளூர் லீக்குக்கு என்று வைத்தது. ஜெர்மன் லீக்கில் நின்றுகொண்டு ஆட்டம் பார்க்க அனுமதி உண்டு. கோல் கம்பங்களுக்குப் பின்னால் நிற்கும் பகுதிகள் இருக்கின்றன, உயிரோட்டமெல்லாம் தெற்குப் பக்கம்தான். ஒருவர் உட்காரும் இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு பேர் நிற்கலாம். சர்வதேச ஆட்டம் என்றால் அதே பகுதியில் இருக்கைகள் வந்துவிடும். அதனால்தான் மைதானத்தின் கணக்கிலேயே இரண்டு எண்கள்: உள்ளூருக்கு 75,000, சர்வதேச ஆட்டத்துக்கு 70,000. முதல் ஐயாயிரம் அங்கே போகிறது.

2022-23 பருவத்திலிருந்து ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா ஒரு சோதனையாக ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்புகளுக்கு ஐரோப்பிய ஆட்டங்களிலும் நின்று பார்க்க அனுமதி கொடுத்தது. அதனால் இப்போது பேயர்னின் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களுக்கும் 75,000 பேர் வருகிறார்கள். இறுதிப்போட்டிக்கு அது பொருந்தாது, அங்கே எல்லோருக்கும் இருக்கை வேண்டும்.

மீதி ஐயாயிரம்? உலகம் முழுவதிலுமிருந்து வரும் பத்திரிகையாளர்களுக்கு மேசை வைத்த இடம், வர்ணனையாளர் அறைகள், கூடுதல் கேமரா மேடைகள், இரண்டு அணி ரசிகர்களுக்கு நடுவே காலியாக விடும் பகுதி, அப்புறம் கார்னர்கொடி சொன்ன பலகைகள். எல்லாம் சேர்ந்து தின்றுவிடும்.

இருக்கை மட்டுமல்ல, பெயரும் மாறிவிடும். அலியான்ஸ் போன்ற விளம்பரதாரர் பெயரை ஃபிஃபாவும் யூஃபாவும் ஏற்பதில்லை. 2006 உலகக்கோப்பையில் அது 'ஃபிஃபா உலகக்கோப்பை மைதானம், மியூனிக்'. யூரோ 2024-லும் 2025 இறுதிப்போட்டியிலும் 'மியூனிக் கால்பந்து அரங்கம்'. கட்டியவர், பராமரிப்பவர், கடனை அடைத்தவர் எல்லாம் பேயர்ன்தான். ஆனால் அன்று இரவு அவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் வீட்டுக்காரர்.

#4 – செல்சிக்காரன்

2012-ஐ யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஐஸார்க்கரை சொன்னதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

பேயர்ன் சொந்த மைதானத்தில் எங்கள் செல்சியோடு இறுதிப்போட்டி ஆடியது. ஆனாலும் விதிப்படி அது பொது மைதானம்தான். இரண்டு கிளப்புகளுக்கும் தலா 17,500 டிக்கெட், அவ்வளவுதான். பருவம் முழுக்க அங்கே வந்துகொண்டிருந்த பேயர்ன் ரசிகர்களில் பெரும்பாலானோர் நகரத்துப் பூங்காவிலும் மதுக்கடையிலும் திரையில்தான் பார்த்தார்கள். 83-ஆவது நிமிடத்தில் பேயர்னின் முல்லர் கோல். 88-ஆவது நிமிடத்தில் எங்கள் மாட்டா அடித்த கார்னர், ட்ரோக்பாவின் தலை, 1-1. கூடுதல் நேரத்தில் பேயர்னின் ராபன் அடித்த பெனால்ட்டியை எங்கள் கோல்கீப்பர் செக் தடுத்தார். கடைசியில் பெனால்ட்டி வரிசையில் 4-3. கடைசி உதை ட்ரோக்பாவுடையது, பேயர்ன் ரசிகர்கள் இல்லாத பக்கம் என்று அந்த மைதானத்தில் ஒரு பக்கமும் இல்லாதது போலத்தான் சத்தம் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வென்றோம்.

இன்னொன்று. மியூனிக் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டிகளைப் பாருங்கள்: 1979 நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 1993 மார்செய், 1997 டார்ட்மண்ட், 2012 செல்சி, 2025 பி.எஸ்.ஜி. ஐந்து முறையும் கோப்பையை முதன்முதலாக வென்ற அணி. முதல் மூன்றும் பழைய ஒலிம்பிக் மைதானத்தில் நடந்தவை.

#5 – கட்டுமானக்காரன்

இருக்கைக் கணக்கு சரி. நான் கட்டுமானத் துறையில் இருப்பவன், அந்தப் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

வெளித்தோற்றத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், காற்றடைத்த மெத்தைகள் அடுக்கிய மாதிரி. வடிவமைத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் ஹெர்சோக், டி மியூரோன். சாய்சதுர வடிவில் 2,700-க்கும் மேற்பட்ட மெத்தைகள். பொருளின் பெயர் இ.டி.எஃப்.இ., ஒருவகை பிளாஸ்டிக் படலம், தடிமன் 0.2 மில்லிமீட்டர். உள்ளே எப்போதும் காற்று செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தொய்ந்துவிடும். கண்ணாடியோடு ஒப்பிட்டால் எடை மிகக் குறைவு, அதனால் கூரையைத் தாங்கும் எஃகும் குறைவு. புற ஊதாக் கதிரை நன்றாகக் கடத்தும். கீழே புல் வளர வேண்டுமே, அதற்கு அது முக்கியம்.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த மைதானத்தின் உண்மையான சாமர்த்தியம் உள்ளே இருக்கிறது. மூன்று அடுக்குகள். கீழடுக்கின் சாய்வு 24 பாகை, நடு அடுக்கு 30, மேலடுக்கு 34. மேலே போகப் போகப் படி செங்குத்தாகிறது. அதனால் உச்சியில் இருப்பவரும் களத்தின் மேல் குனிந்து பார்ப்பது போல உணர்வார். களத்தைச் சுற்றி ஓட்டப்பாதை கிடையாது. 2005-இல் திறந்தபோது சுமார் 66,000 இடம். இப்போது 75,000. வெளிக்கூட்டைத் தொடாமல் உள்ளேயே வரிசைகளைச் சேர்த்து இதைச் செய்தார்கள். முதல் வரைபடத்திலேயே அதற்கு இடம் விட்டுவைத்தால்தான் இது நடக்கும்.

#6 – தென்றல்_10

அருமையான பதில்கள், நன்றி. ஓட்டப்பாதை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. நான் சென்னை நேரு மைதானத்தில் சென்னையின் எஃப்.சி. ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் நடுவில் தடகளப் பாதை, அதற்கு அப்பால் களம். எதிர்ப்பக்கம் கோல் விழுந்தால் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். மியூனிக்கின் பழைய ஒலிம்பிக் மைதானமும் அப்படித்தான் இருந்ததா?

#7 – ஐஸார்க்கரை

அப்படித்தான். 1972 ஒலிம்பிக்குக்குக் கட்டியது. கண்ணாடிக்கூடாரக் கூரையோடு பார்க்க இன்றைக்கும் அழகான இடம். 1974 உலகக்கோப்பை இறுதிப்போட்டி அங்கேதான், நெதர்லாந்தை மேற்கு ஜெர்மனி 2-1 என்று வென்றது. ஆனால் கூரை பாதிப் பக்கத்துக்குத்தான், களமோ தொலைவில். டிசம்பர் மாதப் பனியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைக் கால்பந்துக்கு ஏற்றபடி மாற்றலாம் என்று ஒரு திட்டம் இருந்தது, 2000-இல் கைவிட்டார்கள். நல்லதுதான் நடந்தது என்பேன். அந்தக் கட்டடத்தில் கைவைத்திருந்தால் நகரம் ஒரு பொக்கிஷத்தை இழந்திருக்கும்.

அதன் பிறகு புது மைதானம் வேண்டுமா என்று மக்களிடமே கேட்டார்கள். 2001 அக்டோபர் 21 அன்று நகரம் முழுக்க வாக்கெடுப்பு. 65.8 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இடம் ஃப்ரோட்மானிங், நகரத்தின் வடக்கு ஓரம். பக்கத்தில் குப்பை கொட்டி உருவான ஒரு குன்று, அதன்மேல் ஒரு காற்றாலை, கொஞ்சம் தள்ளிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், இரண்டு நெடுஞ்சாலைகள். யாரும் குடியிருக்க விரும்பாத மூலை. அங்கே ஒரு பழைய சின்னத் தேவாலயம் மட்டும் நிற்கிறது, அதைச் சுற்றி இருந்த கிராமம் மறைந்துவிட்டது.

#8 – நீலச்சிங்கம்

இத்தனை பதிவுகளாகிவிட்டன, நகரத்தின் இன்னொரு கிளப்பான 1860 மியூனிக்கின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இந்த மைதானம் பேயர்னுடையது மட்டுமாக இருக்கவில்லை நண்பர்களே. பாதிக்குப் பாதி கூட்டுச் சொத்தாகத்தான் அதைத் தொடங்கினார்கள். முதல் ஆட்டம்கூட எங்களுடையதுதான். 2005 மே 30, நியூரம்பெர்க்குக்கு எதிராக 3-2 வெற்றி. பேயர்ன் மறுநாள்தான் களமிறங்கியது, ஜெர்மன் தேசிய அணியோடு. நாங்கள் ஆடினால் மைதானம் நீலமாக ஒளிரும், அவர்கள் ஆடினால் சிவப்பு, தேசிய அணி என்றால் வெள்ளை. ஒரு நகரம் தன் இரண்டு கிளப்புகளையும் ஒரே கூரைக்குள் வைத்திருந்தது.

நடந்தது என்ன? கட்டிக்கொண்டிருக்கும்போதே, 2004-இல், 1860 முதல் பிரிவிலிருந்து இறங்கிவிட்டது. கட்டுமான ஒப்பந்தத்தில் லஞ்சம் வாங்கிய வழக்கில் கிளப் தலைவரின் மகனுக்கு 2005-இல் நான்கரை ஆண்டு சிறை. 2006-இல் கிளப் திவாலாகும் நிலை. பாதிப் பங்கை 1 கோடியே 10 லட்சம் யூரோவுக்கு பேயர்னிடம் விற்றார்கள். 34 கோடி யூரோ செலவில் கட்டிய மைதானத்தின் பாதி! அதன் பிறகு சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருந்தோம். இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கு அந்தப் பெரிய கிண்ணத்தில் இருபதாயிரம் பேர் வந்தாலும் காலியாகத்தான் தெரியும். ஒரே ஒரு பூண்டஸ்லிகா ஆட்டம்கூட 1860 அங்கே ஆடியதில்லை.

கடைசி ஆட்டம் 2017 மே 30. திறந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டு. ரீகன்ஸ்பர்க்கிடம் 0-2, அந்தப் பிரிவிலிருந்தும் இறக்கம். அன்று அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். இறுதியில் சிலர் களத்துக்குள் பொருட்களை வீசினார்கள், ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது. நான் அதை நியாயப்படுத்தவில்லை. அப்புறம் மூன்றாம் பிரிவில் ஆட உரிமமும் கிடைக்கவில்லை, நான்காம் பிரிவு. வாடகை ஒப்பந்தமும் முடிந்தது. இப்போது கீசிங் பகுதியில் உள்ள பழைய கிரூன்வால்டர் மைதானத்தில் ஆடுகிறார்கள், 15,000 பேர் கொள்ளளவு.

யாருடைய மைதானம் என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி எங்களுக்கு வலிக்கும்.

#9 – கார்னர்கொடி

நீலச்சிங்கம் சகோ, வருத்தம் புரிகிறது. ஆனால் 2006-இல் பேயர்ன் அந்தப் பங்கை வாங்காமல் இருந்திருந்தால் 1860 அன்றே மூழ்கியிருக்கும் அல்லவா? அது உதவி என்றே நான் பார்க்கிறேன். அத்தோடு மொத்தக் கடனும் பேயர்ன் தலையில் வந்தது. 2030 வாக்கில் முடிய வேண்டிய கடனை 2014-லேயே அடைத்துவிட்டார்கள்.

#10 – நீலச்சிங்கம்

உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கடனை அடைக்க என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். 2014-இல் அலியான்ஸ் நிறுவனம் பேயர்னின் 8.33 சதவீதப் பங்கை 11 கோடி யூரோவுக்கு வாங்கியது. மைதானத்துக்குப் பெயர் கொடுத்த நிறுவனமே கிளப்பின் பங்குதாரரும் ஆயிற்று. பேயர்னிடம் விற்பதற்கு அப்படி ஒரு பங்கு இருந்தது, எங்களிடம் இல்லை. ஒரே அளவு மைதானத்தை இரண்டு வெவ்வேறு அளவுக் கிளப்புகள் சம பங்கில் கட்டியதுதான் பிழை. சின்னவருக்கு அது சுமையாகும் என்று அன்றே யாராவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

#11 – ஐஸார்க்கரை

இதில் நீலச்சிங்கத்தோடு நான் உடன்படுகிறேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைதானத்தைக் கிளப்புகள் தங்கள் பணத்தில் கட்டின என்பது உண்மைதான். ஆனால் சுற்றுவட்டார மேம்பாடு, சாலை, ரயில் நிலையம் என்று நகரமும் பவேரிய மாநிலமும் சேர்ந்து சுமார் 21 கோடி யூரோ செலவழித்தன. ஃப்ரோட்மானிங் நிலையத்தை நான்கு தண்டவாளங்களாக விரிவாக்கினார்கள். அந்தப் பணம் இல்லாமல் ஆட்டம் முடிந்து 75,000 பேரை வீட்டுக்கு அனுப்பவே முடியாது. அதனால் மைதானம் பேயர்னுடையது என்று ஆவணம் சொன்னாலும், நகரத்தின் பங்கும் அதில் இருக்கிறது.

இதே விஷயம் 2021-இல் பெரிய அளவில் வெடித்தது. யூரோ 2020 ஒரு வருடம் தள்ளி நடந்தது நினைவிருக்கும். ஜூன் 23 அன்று ஜெர்மனி – ஹங்கேரி ஆட்டம். பாலின, பாலுறவுச் சிறுபான்மையினருக்கு எதிராக ஹங்கேரி அப்போதுதான் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. அன்று மைதானத்தை வானவில் நிறத்தில் ஒளிரவிட வேண்டும் என்று மியூனிக் மேயர் டீட்டர் ரைட்டர் கேட்டார். யூஃபா மறுத்துவிட்டது. மேயர் கேட்கிறார், மைதானக்காரருக்கு ஆட்சேபம் இல்லை, சுவரில் விளக்கு இருக்கிறது, ஆனால் சுவிட்ச் வேறொருவர் கையில். ஜெர்மனியின் மற்ற நகரங்களில் பல மைதானங்கள் அன்று இரவு வானவில் நிறம் காட்டின. ஆட்டம் நடந்த மைதானம் மட்டும் காட்டவில்லை. யூஃபாவுக்கு அன்று எந்த நியாயமும் இல்லை என்பதே என் கருத்து.

#12 – செல்சிக்காரன்

அதில் மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. ஆட்டத்தை நடத்துபவர் இரண்டு அணிக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும். ஹங்கேரி ரசிகர்களும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள்தான். இன்று ஒரு மேயர் ஒரு செய்தியைச் சொல்வார், நாளை வேறொரு நாட்டில் வேறொரு மேயர் வேறொரு செய்தியைச் சுவரில் எழுதுவார். அதை எப்படித் தடுப்பது?

#13 – கோல்கீப்பர்மகள்

செல்சிக்காரன் அண்ணா, மனிதர்கள் எல்லோரும் சமம் என்று சொல்வது ஒரு அணிக்கு எதிரான செய்தி ஆகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதற்கு மேல் இந்தத் திசையில் போனால் இழை வேறு எங்கோ போய்விடும், அதனால் மைதானத்துக்கே வருகிறேன்.

யாரும் பேசாத ஒன்று டிக்கெட் விலை. 2007 நவம்பரில் பேயர்னின் பொதுக்குழுக் கூட்டம். புது மைதானத்தில் உயிரோட்டம் இல்லை என்று உறுப்பினர் ஒருவர் குறை சொன்னார். அப்போதைய மேலாளர் உலி ஹோனஸ் மேடையிலேயே கொதித்துவிட்டார். தெற்குப் பக்கத்தில் 7 யூரோவுக்கு ஆட்டம் பார்க்க முடிகிறது என்றால், சொகுசு அறைகளில் உட்காருபவர்களிடம் வாங்கும் பணத்தால்தான் என்பது அவர் வாதம். அவருடைய தொனி எனக்குப் பிடிக்காது. கணக்கு என்னவோ சரிதான். அந்த மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சொகுசு அறைகள் உண்டு. 2024-25 பருவத்திலும் நின்று பார்க்கும் சீசன் டிக்கெட், பதினேழு லீக் ஆட்டங்களுக்கும் சேர்த்து, 200 யூரோவுக்குக் குறைவுதான். இங்கிலாந்தில் பெரிய கிளப்புகளில் அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆனால் அந்த விலை பேயர்ன் நடத்தும் ஆட்டங்களுக்கு மட்டும். இறுதிப்போட்டி என்று வந்தால் விலை யூஃபா வைப்பது. 2025-இல் இரண்டு கிளப்புகளுக்கும் தலா 18,000 டிக்கெட். மீதி குலுக்கலில் பொதுமக்களுக்கு, விளம்பரதாரர்களுக்கு, சங்கங்களுக்கு. தென்றல் கேட்ட பத்தாயிரம் இடத்தைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. இடம் குறைவது மட்டுமில்லை, அங்கே வழக்கமாக நிற்கும் மனிதர்களே மாறிவிடுகிறார்கள்.

அப்புறம் எனக்கு மிகவும் நெருக்கமான ஒரு செய்தி. பேயர்ன் மகளிர் அணி அந்த மைதானத்தில் முதன்முதலாக ஆடியது 2022 மார்ச்சில், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பி.எஸ்.ஜி.க்கு எதிராக. வந்தவர்கள் சுமார் 13,000 பேர். 2025 செப்டம்பரில் லெவர்குசனுக்கு எதிராக லீக் தொடக்க ஆட்டத்தை அங்கே வைத்தார்கள். 57,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள், மகளிர் பூண்டஸ்லிகாவில் அதுவரை வராத கூட்டம். கோல் கம்பத்துக்குக் கீழே நின்று வளர்ந்தவள் நான். எங்கள் ஆட்டங்களுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பெரிய மைதானத்தைப் பெண்களுக்குத் திறந்துவிட்டால் கூட்டம் வரும் என்பதை இனி யாரும் மறுக்க முடியாது.

#14 – தென்றல்_10

57,000 எனக்குப் புதுச் செய்தி. நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இத்தனை வகை ஆட்டத்தையும் ஒரே புல் எப்படித் தாங்குகிறது? அமெரிக்கக் கால்பந்தும் அங்கே நடந்ததே.

#15 – கட்டுமானக்காரன்

நல்ல கேள்வி. அமெரிக்கக் கால்பந்து லீக்கின் பருவ ஆட்டம் ஜெர்மனியில் முதன்முதலாக நடந்ததே அங்கேதான், 2022 நவம்பர் 13. டாம் பிரேடியின் டாம்பா பே அணி சியாட்டிலை 21-16 என்று வென்றது. கிட்டத்தட்ட 70,000 பேர். அதற்கு ஐந்து நாள் முன்புதான் அதே புல்லில் பேயர்ன் பிரேமனை 6-1 என்று அடித்திருந்தது. எடை மிகுந்த வீரர்கள் ஒரே இடத்தில் முட்டித் திரும்பும் ஆட்டம் அது. கால்கள் வழுக்குவதைத் திரையிலேயே பார்க்க முடிந்தது, பிரேடியே வழுக்கி விழுந்தார். தேதியை யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் கத்தார் உலகக்கோப்பைக்காக லீக் இடைவேளை, புல்லைச் சரிசெய்ய வாரக்கணக்கில் நேரம் இருந்தது.

லண்டனில் டாட்டன்ஹாம் மைதானம் வேறு வழியைப் பிடித்தது. புல்தரையை மூன்று துண்டாகப் பிரித்து தெற்குப் பக்கத்துக்கு அடியில் தள்ளிவிடுவார்கள், கீழே செயற்கைப் புல் காத்திருக்கும். 2019-இல் திறந்தது, செலவு சுமார் நூறு கோடி பவுண்டு. மியூனிக்கில் அந்த வசதி கிடையாது. ஒரே களம், அதில் இயற்கைப் புல், செயற்கை விளக்கு, தேவைப்பட்டால் புதுத் தரை. அதனால் நாட்காட்டிதான் அவர்களுடைய முக்கியமான கருவி.

2025-ஐப் பாருங்கள். மே 31 சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஜூன் 4 நேஷன்ஸ் லீக் அரையிறுதி, ஜெர்மனி 1, போர்ச்சுகல் 2. ஜூன் 8 அதன் இறுதி, போர்ச்சுகலும் ஸ்பெயினும் 2-2, பெனால்ட்டியில் போர்ச்சுகல். ஒன்பது நாளில் ஐரோப்பாவின் இரண்டு இறுதிப்போட்டிகள், நடுவில் ஒரு அரையிறுதி. நடத்திய அமைப்பு ஒன்றே என்பதால் இருக்கை, பெயர்ப்பலகை, பத்திரிகை மேடை எதையும் பெரிதாக மாற்ற வேண்டியிருந்திருக்காது. மாற்ற வேண்டியது நிறங்களும் வாயில்களும்தான். ஆனால் புல்லுக்கு ஓய்வு மூன்று மூன்று நாள். பேயர்னும் டாட்டன்ஹாமும் இரண்டும் நவீன மைதானங்கள்தான், ஆனால் என் தொழில் மனது மியூனிக்கைத்தான் மதிக்கிறது. நகரும் எந்திரம் எதுவும் இல்லாமல் இதைச் செய்வதற்குத் திட்டமிடும் ஆட்கள் வேண்டும்.

#16 – செல்சிக்காரன்

டாட்டன்ஹாமைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது. 😊 ஆனால் மைதானம் நன்றாகத்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வானவில் விஷயத்தில் கோல்கீப்பர்மகள் சொன்னதை யோசித்தேன். நடத்துபவருக்கு அதிகாரம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அந்த அதிகாரம் சுவரின் வெளிப்பக்கம் வரை போக வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான். உள்ளே களமும் இருக்கையும் அவர்கள் பொறுப்பு. வெளியே நெடுஞ்சாலையில் போகிறவருக்குத் தெரியும் விளக்கு நகரத்தின் பொறுப்பு என்று பிரிக்கலாம்.

#17 – நீலச்சிங்கம்

அந்தப் பிரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியானால் வருடத்தில் ஒரு நாள் நீலமும் கேட்கலாம். 2005 மே 30-இன் நினைவாக. பேயர்ன் ரசிகர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள், ஐஸார்க்கரை?

#18 – ஐஸார்க்கரை

பலர் எதிர்ப்பார்கள், சிலர் சம்மதிப்பார்கள். 2017-க்குப் பிறகு அந்த மைதானத்தை முழுக்க பேயர்னுடையதாக மாற்றிவிட்டார்கள். சாம்பல் இருக்கைகள் சிவப்பாகிவிட்டன, கிளப்பின் சின்னம் பார்வையாளர் பகுதியில் பெரிதாக வந்துவிட்டது. தங்கள் வீடு தங்கள் வீடு போல் தெரிய வேண்டும் என்று அவர்கள் பல வருடம் கேட்டது. எனக்கு அதில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரே நகரத்தின் இரண்டு நிறங்களும் மாறி மாறி ஒளிர்ந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நான் ஆசையோடு நினைக்கிறேன். வேலை முடிந்து நெடுஞ்சாலையில் வரும்போது தூரத்திலிருந்தே இன்றைக்கு யார் ஆட்டம் என்று தெரிந்துவிடும்.

2024 ஜனவரியில் ஃப்ரான்ஸ் பெக்கன்பவருக்கு அங்கே நினைவு நிகழ்ச்சி நடந்தது. சிறுவனாக அவர் விளையாடத் தொடங்கியது கீசிங்கில், 1860-இன் பகுதியில். பேயர்னுக்குப் பெயர் தேடித்தந்த மனிதர் அடுத்த தெருக்காரர்தான். இந்த நகரத்தில் சிவப்பையும் நீலத்தையும் வெட்டிப் பிரிப்பது அவ்வளவு எளிதில்லை.

#19 – தென்றல்_10

இழை இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. வேலை விஷயமாக அடுத்த பருவத்தில் மியூனிக் வர வாய்ப்பு இருக்கிறது. ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும். எதைப் பார்க்கலாம், எங்கே உட்காரலாம்?

#20 – ஐஸார்க்கரை

பேயர்னின் லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது கடினம். உறுப்பினர்களுக்குத்தான் முதலிடம், பெரும்பாலும் எல்லாமே விற்றுப்போய்விடும். கிடைத்தால் மேலடுக்கில், நடுக்கோட்டுக்கு நேராக வாங்குங்கள். கட்டுமானக்காரன் சொன்ன 34 பாகைச் சாய்வின் பலன் அங்கேதான் தெரியும், இரண்டு அணியின் அமைப்பும் வரைபடம் போல விரியும். தெற்குப் பக்கம் நின்று பார்ப்பது வேறு அனுபவம், ஆனால் அது சீசன் டிக்கெட்காரர்களின் இடம்.

போவது எளிது. மரியன்பிளாட்ஸ் நிலையத்திலிருந்து யு6 ரயில், கால் மணி நேரத்தில் ஃப்ரோட்மானிங். இறங்கி ஒரு நீண்ட மேடான நடைவழியில் மைதானத்தை நோக்கி நடக்க வேண்டும். உங்கள் காலுக்கு அடியில் வாகன நிறுத்தம் இருக்கும். திரும்பும்போது அவசரப்படாதீர்கள். நிலைய வாசலில் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள், அது நல்லதற்குத்தான்.

#21 – நீலச்சிங்கம்

பேயர்ன் டிக்கெட் கிடைக்கவில்லையென்றால் கீசிங்குக்கு வாருங்கள் தென்றல். கிரூன்வால்டர் மைதானம், 15,000 பேர், பாதிக்கு மேல் நின்றுகொண்டுதான் பார்ப்போம். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், 1860-க்கு அந்த வாரம் உள்ளூர் ஆட்டமா வெளியூர் ஆட்டமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

#22 – கோல்கீப்பர்மகள்

மகளிர் அணியின் அட்டவணையையும் பாருங்கள் அண்ணா. அவர்களுடைய வழக்கமான ஆட்டங்கள் பேயர்னின் பயிற்சி வளாகத்தில் உள்ள சின்ன மைதானத்தில் நடக்கும், களத்துக்கு மிக அருகில் உட்காரலாம். பெரிய அரங்கில் அவர்கள் ஆடும் நாள் உங்கள் பயணத்தோடு ஒத்துவந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதற்கே வாங்குங்கள்.